கோஹர் ஆற்றங்கரைச் சுவரில் ஓட்டைக் காலணா: இது என்ன கல்?

நெக்கர்க்கரை · சனி இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். நான் மண்ணியல் படித்தவன் இல்லை. ஹைல்ப்ரானில் கணினி வேலை, நடப்பது பொழுதுபோக்கு. போன ஞாயிறு கியூன்செல்சாவிலிருந்து இங்கெல்ஃபிங்கன் வரை கோஹர் ஆற்றோரமாக நடந்தேன். சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். மண் சரியாமல் இருக்க, சாந்தே இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். மூச்சு வாங்க ஒரு சுவரில் கையை ஊன்றினேன். உள்ளங்கையில் ஏதோ குத்தியது. குனிந்து பார்த்தால் சாம்பல் நிறக் கல் முழுக்க வட்டச் சில்லுகள். நடுவில் ஓட்டை, விளிம்பைச் சுற்றிப் பல்சக்கரம் மாதிரி நுணுக்கமான கோடுகள். என் பாட்டி சுருக்குப்பையில் வைத்திருந்த ஓட்டைக் காலணாவை யாரோ சிறிதாக்கிக் கல்லுக்குள் கொட்டிவிட்டது போல இருந்தது. படம் இணைத்திருக்கிறேன்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. அதற்கு முந்தைய வாரம் ஹைடெல்பெர்க் கோட்டைக்குப் போயிருந்தேன். அங்கே கல்லெல்லாம் செக்கச்செவேல். எங்கள் ஊர் வார்ட்பெர்க் குன்றிலோ மண் பச்சையும் செம்பழுப்புமாகப் பொரபொரவென்று உதிர்கிறது. எல்லாம் ஒரு மணி நேரப் பயணத்துக்குள். இவ்வளவு சின்ன வட்டாரத்தில் எப்படி மூன்று விதக் கல்?

சுண்ணாம்புக்காளவாய் · சனி இரவு 10:05

படத்தில் அளவு தெரியவில்லையே. காலணாவா, கட்டை வண்டிச் சக்கரமா? பக்கத்தில் ஒரு பேனாவோ நாணயமோ வைத்து எடுப்பதுதான் இந்தக் குழுவில் முறை. எத்தனை தடவைதான் சொல்வது?

படுகைப்பித்தன் · ஞாயிறு காலை 6:20

தம்பி நெக்கர்க்கரை, உங்கள் கேள்வியில் உள்ள ‘மூன்று’ தற்செயல் இல்லை. தெரியாமலே ட்ரையாசிக் காலத்தின் பெயர்க்காரணத்தைக் கேட்டுவிட்டீர்கள்.

நீங்கள் பார்த்த செங்கல் நிறக் கல் புன்ட்ஸான்ட்ஸ்டைன், அதாவது வண்ண மணற்கல். சாம்பல் கல் முஷெல்கால்க், சிப்பிச் சுண்ணாம்புக்கல். வார்ட்பெர்க்கில் உதிர்வது கொய்ப்பர். அடியிலிருந்து மேலே இதே வரிசை. படிந்தபோது ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடைமட்டமாகத்தான் கிடந்தன. பிற்பாடு வடமேற்கே ஓடன்வால்டு பக்கம் நிலம் மேலெழும்பியது, அடுக்குகள் தென்கிழக்காக லேசாகச் சரிந்தன. உயர்ந்த பக்கத்தில் மேலடுக்குகளை மழையும் ஆறும் அரித்துக்கொண்டு போக, அடியில் இருந்த சிவப்புக் கல் வெளியே வந்துவிட்டது. அதனால் ஹைடெல்பெர்கிலிருந்து தென்கிழக்கே போகப் போக நீங்கள் மிதிக்கும் பாறையின் வயது குறைந்துகொண்டே வரும். இன்னும் போனால் ஸ்வேபியன் ஆல்ப் மலை, அது ஜுராசிக்.

இது ஜெர்மனியோடு முடிகிற சங்கதியும் இல்லை. கிழக்கே போலந்து, மேற்கே பிரான்சின் லொரேன், வடக்கே வட கடலுக்கு அடி வரை ஒரே தாழ்நிலம். ஜெர்மானியப் படுகை என்பார்கள். சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன் வரை உள்ள ட்ரையாசிக் முழுக்க அது மெல்ல மெல்ல அமிழ்ந்துகொண்டே இருந்தது, வண்டல் வந்து நிரம்பிக்கொண்டே இருந்தது. ஸ்ட்ராஸ்பூர்க் தேவாலயத்தின் இளஞ்சிவப்பு, ஹெல்கோலாண்டு தீவின் சிவப்புப் பாறை முகம், ஹைடெல்பெர்க் கோட்டை எல்லாம் ஒரே கல் குடும்பம்.

அந்தச் சில்லைப் பற்றித் தாழை சொல்லட்டும். அவர் துறை அது.

நெக்கர்க்கரை · ஞாயிறு காலை 9:15

நன்றி ஐயா. காளவாய் அண்ணே, மன்னிக்கவும். சில்லு கிட்டத்தட்ட என் சுண்டுவிரல் நக அளவு. சுவரடியில் தானாக விழுந்து கிடந்த ஒன்றை எடுத்து வந்தேன். அது பாதியாக உடைந்திருந்தது, உடைந்த முகம் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. சாய்த்துப் பார்த்தால் மொத்த முகமும் ஒரே சமயத்தில் மின்னுகிறது. சுற்றியுள்ள கல்லோ மங்கல். ஏன்?

தாழை · ஞாயிறு மதியம் 1:30

அந்தப் பளபளப்பை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். கடல் அல்லி எனப்படும் கிரைனாய்டின் தண்டுத் துண்டு அது. பெயரில்தான் அல்லி, தாவரம் இல்லை. நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் பங்காளி. இந்த இனத்துக்கு ஒரு விசேஷம்: எலும்புத் தகடு ஒவ்வொன்றும் ஒற்றைக் கால்சைட் படிகம். அதனால் உடைந்தால் நொறுங்காமல் படிகத்தின் தளத்தில் சுத்தமாகப் பிளக்கும். முழு முகமும் ஒரே நேரத்தில் மின்னுவது அதனால்தான்.

உங்கள் வட்டாரத்தில் கிடைப்பது பெரும்பாலும் என்க்ரைனஸ் லிலிஃபார்மிஸ். மேலே மொட்டு மாதிரி பத்துக் கை, கீழே சில்லுகளைக் கோத்த நீளத் தண்டு, அடியில் சிப்பித் திட்டிலோ கெட்டித் தரையிலோ ஒட்டிக்கொள்ளும் வேர்ப்பகுதி. நடு ஓட்டை வழியாக உயிர்த் திசு ஓடியது. ஓரத்துக் கோடுகள் அடுத்த சில்லோடு பல்லும் பல்லுமாகக் கவ்விக்கொள்ள. செத்ததும் கோத்த நூல் அறுந்த மணி மாதிரி எல்லாம் உதிர்ந்துவிடும். மொட்டோடு முழுசாகக் கிடைக்க வேண்டுமென்றால் உயிரோடு இருக்கும்போதே சேறு வந்து மூடியிருக்க வேண்டும். அதனால்தான் சில்லு லட்சக்கணக்கில், மொட்டு அபூர்வம்.

காலணா என்று உங்களுக்குத் தோன்றியது போலவே அங்கே உள்ளவர்களுக்கும் தோன்றியிருக்கிறது. துரிங்கியா பக்கம் இதற்குப் பழைய பெயர் ‘போனிஃபேஸ் காசு’, அந்தப் பெயருள்ள புனிதரின் பெயரால்.

நீங்கள் நடந்து போய்ச் சேர்ந்த இங்கெல்ஃபிங்கனிலேயே முஷெல்கால்க் அருங்காட்சியகம் இருக்கிறது. சின்ன ஊர்தான், ஆனால் முழு மொட்டுகள் பதிந்த பலகைகளை அங்கே பார்க்கலாம். திறந்திருக்கும் நாள் குறைவு, விசாரித்துவிட்டுப் போங்கள்.

சும்மாவாசகன் · ஞாயிறு மதியம் 2:10

அருங்காட்சியக வாசல் வரை போய்விட்டுச் சுவரைப் படம் பிடித்துத் திரும்பியிருக்கிறார் :)

நெக்கர்க்கரை · ஞாயிறு மதியம் 2:25

கால் வலி, ஐஸ்கிரீம் கடை மட்டும்தான் கண்ணில் பட்டது.

படுகைப்பித்தன் · ஞாயிறு மாலை 5:50

அந்த மூன்றின் கதைக்கு வருகிறேன். ஃப்ரீட்ரிக் ஃபான் அல்பெர்ட்டி என்று ஒருவர். பேராசிரியர் இல்லை, வூர்ட்டம்பெர்க் அரசின் உப்பாலை அதிகாரி. அவர் வேலைக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்: எங்கே துளைத்தால் உப்பு? அதற்கு எந்தப் பாறைக்குக் கீழே எந்தப் பாறை என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். நெக்கர் பள்ளத்தாக்கில் கெட்டி உப்பு நடு முஷெல்கால்க்கில் இருக்கிறது. இன்றைக்கும் ஹைல்ப்ரானில் சுரங்கம் போட்டு வெட்டுகிறார்களே, அதே உப்பு. தம்பி, உங்கள் ஊருக்கு அடியிலேயே.

கல்லைத் தட்டித் தட்டி, உள்ளே உள்ள உயிரெச்சங்களைப் பட்டியல் போட்டு, 1834இல் அவர் ஒரு நூல் எழுதினார். வண்ண மணற்கல், சிப்பிச் சுண்ணாம்புக்கல், கொய்ப்பர் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள், மூன்றும் சேர்ந்து ஒரே காலம் என்று வாதாடி, அந்தக் கூட்டுக்கு ‘ட்ரியாஸ்’ என்று பெயர் வைத்தார். மும்மை என்று பொருள். டைனோசர் படம் பார்க்கிற பிள்ளை முதல் எல்லோரும் சொல்லும் ட்ரையாசிக், உப்பு தேடிய ஒரு அதிகாரி வைத்த பெயர்.

சுண்ணாம்புக்காளவாய் · ஞாயிறு இரவு 8:00

சரி ஐயா, ஒரு குதர்க்கம். ஜெர்மனியில் மூன்று அடுக்கு என்பதால் உலகத்துக்கே ‘மும்மை’ என்று பெயர். மற்ற இடங்களிலும் மூன்றா? எங்கள் தெருவில் மூன்று வீடு என்பதற்காக ஊருக்கே மூன்று வீட்டூர் என்று பெயர் வைத்த மாதிரி அல்லவா இருக்கிறது?

தாழை · ஞாயிறு இரவு 8:45

குதர்க்கம் இல்லை அண்ணா, துறைக்குள்ளேயே பழைய தகராறு இது. மற்ற இடங்களில் மூன்று இல்லை. ஜெர்மனிக்குத் தெற்கே ஆல்ப்ஸுக்குப் போனாலே போதும். அங்கே அதே காலத்தில் டெதிஸ் என்ற திறந்த பெருங்கடல். ஆயிரக்கணக்கான மீட்டர் தடிமனுக்குச் சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும். மும்மையும் இல்லை, ஒன்றும் இல்லை.

அதனால்தான் இன்றைக்கு ட்ரையாசிக்கின் உட்பிரிவுகளில் அல்பெர்ட்டியின் மூன்று பெயர்களில் ஒன்றுகூட இல்லை. முதல் கட்டம் இன்டுவன், அது சிந்து நதியின் பெயர். அடுத்தது ஒலெனெகியன், சைபீரிய ஆறு. பிறகு அனிசியன், லடினியன், கார்னியன், நோரியன், ரேஷியன் எல்லாம் ஆல்ப்ஸ் பக்கத்துப் பெயர்கள். வீட்டுக்குப் பெயர் ஜெர்மன்காரர் வைத்தது, அறைகளுக்கெல்லாம் வேறு ஆட்கள் பெயர்.

என் கட்சி இது: ஜெர்மானியப் படுகை அழகான பதிவு, ஆனால் உலகக் கடிகாரமாக அது உதவாது. பாதி நேரம் கடலில் இருந்தே துண்டிக்கப்பட்டிருந்தது.

படுகைப்பித்தன் · திங்கள் காலை 6:05

உதவாது என்று ஒரேயடியாகச் சொல்லக் கூடாது தாழை. துண்டிக்கப்பட்டிருந்ததுதான் அதன் பெருமையே.

தெற்கே விண்டலீசிய மேட்டுநிலம் சுவர் மாதிரி நின்றது. டெதிஸ் கடல் உள்ளே வர ஓரிரு வாசல்கள்தான். முதலில் தென்கிழக்கே சைலீசியா, கார்பேத்தியன் பக்கம் திறந்தது, பிற்பாடு தென்மேற்கே பர்கண்டி பக்கம். வாசல் திறந்தால் முஷெல்கால்க் கடல். வாசல் அடைபட்டு வெயில் காய்ந்தால், உள்ளே அகப்பட்ட தண்ணீர் உப்பளத்துத் தண்ணீராகிவிடும். தூத்துக்குடியில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாற்றுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடல்நீர் மூன்று, நான்கு மடங்கு வற்றியதும் ஜிப்சம் கட்டும், பத்து மடங்குக்கு மேல் வற்றினால்தான் உப்பு விளையும். நடு முஷெல்கால்க்கின் ஜிப்சமும் ஹைல்ப்ரான் உப்பும் அப்படி வந்தவைதான்.

பிறகு வாசல் மறுபடி திறந்தது. டெதிஸிலிருந்து செராட்டைட் என்ற சுருள் ஓட்டு உயிர் உள்ளே நுழைந்தது. அம்மோனைட்டின் உறவு. உள்ளே வந்தபின் வெளி உறவு அறுந்துபோய், அந்தக் கடலுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக மாறிக்கொண்டு போனது. அடி அடுக்கில் சின்னது. மேலே போகப் போகப் பெரியது, விலாவும் முடிச்சும் மாறுகிறது. கடைசியில் தட்டு மாதிரி தட்டையான பெரிய ஓடு. இதை வைத்து மேல் முஷெல்கால்க்கைப் பத்துக்கும் மேற்பட்ட சிறு அடுக்குகளாகப் பிரித்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இரண்டு குவாரிகள், ஒரே செராட்டைட் கிடைத்தால் ஒரே நேரம். உள்ளூர்க் கடிகாரம்தான், ஆனால் விநாடி முள் உள்ள கடிகாரம்.

தாழை · திங்கள் காலை 10:20

விநாடி முள் இருந்து என்ன ஐயா, மணி என்ன என்று சொல்லத் தெரியவில்லையே! அந்தச் செராட்டைட்டுகள் ஆல்ப்ஸில் கிடையாது. அதனால் இரண்டு பக்கத்தையும் ஒட்டவைக்க மகரந்தத் துகள், கோனோடான்ட் என்ற நுண் பல், பாறையில் பதிந்த காந்தத் திசைமாற்றம் என்று சுற்றி வளைக்க வேண்டியிருக்கிறது. கொய்ப்பருக்குப் போனால் இன்னும் மோசம். அங்கே செராட்டைட்டும் இல்லை.

ஆனால் ஒரு தீவுக்குள் அகப்பட்ட உயிரினம் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கடலில் அதிகம் இல்லை. அதில் உங்கள் பக்கம்தான்.

சும்மாவாசகன் · திங்கள் மதியம் 12:40

நான் படித்தவரை புன்ட்ஸான்ட்ஸ்டைன் என்றால் வெறும் பாலைவனம். அதற்கு முன்னால்தான் பெர்மியன் பேரழிவில் எல்லாம் செத்துப்போயிற்று. அதனால் அதில் ஒன்றுமே கிடைக்காது, பார்க்கவும் வேண்டாம் என்று என் நண்பர் சொன்னார்.

படுகைப்பித்தன் · திங்கள் இரவு 7:30

உங்கள் நண்பரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். மணற்குன்றுகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பகுதி ஆறு கொண்டுவந்த மணல். பின்னல் பின்னலாக ஓடிய ஆறுகள், நடுவில் வந்து வற்றிப்போகும் பெரிய ஏரி. வறண்ட காற்றில் இரும்பு துருவேறியதால் சிவப்பு.

அந்த ஏரி சாதாரணமில்லை. வட ஜெர்மனியில் ஹார்ட்ஸ் மலையை ஒட்டி ‘ரோகன்ஸ்டைன்’ என்று ஒரு கல் உண்டு, மீன்சினைக் கல் என்று அர்த்தம். கேழ்வரகு மணி மாதிரி உருண்டை உருண்டையாக இருக்கும். அதோடு சேர்ந்து முட்டைக்கோஸை நறுக்கினாற்போல் ஏடு ஏடான மேடுகள். எர்ன்ஸ்ட் கால்கோவ்ஸ்கி 1908இல் இதை ஆராய்ந்து, இந்த ஏடுகள் நுண்ணுயிர் கட்டியவை என்று சொல்லி ‘ஸ்ட்ரோமட்டோலித்’ என்ற சொல்லை உண்டாக்கினார். உலகத்தின் மிகப் பழைய உயிர்த்தடம் என்று இன்று எங்கே பேசினாலும் வருகிற அந்தச் சொல், ஒன்றுமே கிடைக்காது என்று உங்கள் நண்பர் சொன்ன கல்லில் பிறந்தது.

செடியும் உண்டு. பேரழிவுக்குப் பின் பரவிய ப்ளூரோமெயா. கிளையே இல்லாத ஒற்றைத் தண்டு, உச்சியில் ஒரு கூம்பு. முதலில் அகப்பட்டது எங்கே தெரியுமா? மாக்டெபூர்க் தேவாலயக் கோபுரத்திலிருந்து ஒரு கல் விழுந்து பிளந்தது, உள்ளே தண்டு.

தாழை · திங்கள் இரவு 9:10

கைத்தடத்தை விட்டுவிட்டீர்களே ஐயா! எனக்கு மிகவும் பிடித்த கதை.

துரிங்கியாவில் ஹில்ட்பூர்க்ஹவுசன் பக்கத்தில் ஹெஸ்பெர்க் குவாரி. 1833 வாக்கில் மணற்பலகைகளின் அடிப்புறத்தில் புடைத்த கை கையாகத் தென்பட்டது. அடியில் இருந்த ஈரச் சேற்றில் ஏதோ நடந்திருக்கிறது, சேறு காய்ந்து வெடித்திருக்கிறது, அடுத்து வந்த வெள்ளத்து மணல் தடத்தையும் வெடிப்பையும் சேர்த்து நிரப்பிவிட்டது. அதனால் பலகையைப் புரட்டினால் வலைப்பின்னல் மாதிரி வெடிப்புக் கோடுகள், நடுவே கொழுத்த ஐந்து விரல். ஊர்ப் பள்ளித் தலைவர் ஸிக்லர், அறிஞர் ப்ளூமன்பாக்குக்குப் பகிரங்கக் கடிதமே எழுதிவிட்டார். 1835இல் காவுப் வைத்த பெயர் கைரோதீரியம், ‘கை விலங்கு’.

சிக்கல் என்னவென்றால், கட்டைவிரல் வெளிப்பக்கம் இருந்தது. உங்கள் இரண்டு கையையும் மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். கட்டைவிரல்கள் உள்ளே பார்க்கும். இதில் வெளியே. குரங்கு என்றார்கள், கரடி என்றார்கள், கங்காரு வகை என்றார்கள். ஒருவகை ராட்சதத் தவளை என்றவர்கள், கட்டைவிரல் இடம் சரியாக வர வேண்டுமே என்பதற்காக, அது காலுக்குக் கால் குறுக்கே போட்டுப் பின்னிக்கொண்டு நடப்பது போலப் படமே வரைந்தார்கள். பாவம் அந்தத் தவளை, பத்தடி நடந்திருந்தால் விழுந்திருக்கும்.

1925இல் ஸோர்கெல்தான் முடிச்சை அவிழ்த்தார். அது கட்டைவிரலே இல்லை. வெளிப்பக்கமாகத் திரும்பிய ஐந்தாவது விரல், நம் சுண்டுவிரல். முதலையின் மூதாதை வட்டத்தில், கால்களை உடம்புக்கு நேர் கீழே வைத்து நடந்த ஊர்வன என்று எலும்பே இல்லாமல் கணித்தார். பொருத்தமான எலும்புக்கூடு, சுவிட்சர்லாந்தின் மோன்டே சான் ஜோர்ஜோவில் கிடைத்த டிசினோசூக்கஸ், 1965இல் விவரிக்கப்பட்டது. நாற்பது வருஷம் கழித்து விடைத்தாள் வந்து மதிப்பெண் போட்ட மாதிரி.

சும்மாவாசகன் · திங்கள் இரவு 9:30

நண்பருக்கு இணைப்பை அனுப்பிவிட்டேன். நீலக் குறி விழுந்துவிட்டது, பதில் இல்லை.

மண்வெட்டி · செவ்வாய் இரவு 11:15

எல்லோரும் சிப்பி, தவளை என்று பேசுகிறீர்கள். நான் சுரங்கப் பொறியாளன். எனக்குக் கொய்ப்பர் என்றால் ஒரே ஒரு சொல்தான்: அன்ஹைட்ரைட்.

கொய்ப்பரின் கீழ்ப்பகுதியில் ஜிப்சம் நிறைய. ஆழத்தில் அழுத்தத்திலும் சூட்டிலும் ஜிப்சம் தன் தண்ணீரை விட்டுவிட்டு அன்ஹைட்ரைட் ஆகிவிடும். அதற்கு மறுபடி தண்ணீர் காட்டினால் குடித்துவிட்டு ஜிப்சமாகத் திரும்பும், அப்போது கனஅளவு சுமார் 60 சதவீதம் ஊதும். பாறை ஊதினால் மேலே இருப்பது என்ன ஆகும்?

ஸ்டவுஃபன் ஊரைக் கேளுங்கள். கருங்காட்டு ஓரத்தில் பழைய அழகான சிற்றூர். 2007இல் நகர்மன்றக் கட்டடத்துக்கு நிலவெப்பத்தால் சூடேற்றலாம் என்று பின்னாலேயே 140 மீட்டர் ஆழத்துக்கு ஏழு துளை போட்டார்கள். அடியில் அழுத்தத்தோடு இருந்த நிலத்தடி நீர் துளை வழியாக மேலேறி அன்ஹைட்ரைட் அடுக்கைத் தொட்டுவிட்டது. சில மாதத்தில் சுவர்களில் விரிசல். ஊரின் நடுப்பகுதி மேலே எழும்ப ஆரம்பித்தது. உச்சத்தில் மாதம் ஒரு சென்டிமீட்டர், மொத்தத்தில் அரை மீட்டருக்கும் மேல். இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளில் சேதம். துளைகளைச் சிமெண்டால் அடைத்து, நீரை இறைத்து இறைத்துத்தான் வேகத்தைக் குறைத்தார்கள். ‘ஸ்டவுஃபன் உடைந்துபோகக் கூடாது’ என்று விரிசல்மேலே ஒட்டுப்பட்டை ஒட்டிவைத்திருந்தார்கள். கையெடுத்துக் கும்பிட வைக்கிற ஊர்.

ஸ்டுட்கார்ட் புதிய ரயில் நிலையத்துக்கான சுரங்கங்களும் சில இடங்களில் இதே அடுக்கு வழியாகத்தான் போகின்றன. அங்கே பாதி வேலை தோண்டுவது, பாதி வேலை ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் பார்ப்பது. நான் பார்த்த இன்னொரு சுரங்கத்தில் (பெயர் வேண்டாம்) தோண்டும்போது தூசியடக்கத் தண்ணீர் பீய்ச்சியதற்கே மேலாளர் கத்திய கத்து இன்னும் காதில் இருக்கிறது. அப்போது புரியவில்லை. இரண்டு வருஷம் கழித்துத் தரை உப்பியதும் புரிந்தது.

சுண்ணாம்புக்காளவாய் · புதன் காலை 7:45

ஆக, 23 கோடி வருஷத்துக்கு முன்னால் காய்ந்த தண்ணீருக்கு இன்னும் தாகம் தீரவில்லை.

நெக்கர்க்கரை · புதன் காலை 8:30

மண்வெட்டி அண்ணே, இதைப் படித்துவிட்டு என் வீட்டுச் சுவரை ஒரு முறை தடவிப் பார்த்தேன். உப்புச் சுரங்கம் வேறு அடியில் இருக்கிறது என்கிறார் ஐயா.

ஒன்று கேட்க வேண்டும். நான் தினமும் ஏ6 நெடுஞ்சாலையில் போகிறேன். கூப்ஃபர்செல் தாண்டும்போது பக்கத்து இருக்கை ஆள் ‘இங்கே முதலை கிடைத்தது’ என்றார். உண்மையா?

தாழை · புதன் மதியம் 1:15

முதலை மாதிரி, ஆனால் முதலை இல்லை. 1977இல் அந்தச் சாலையை வெட்டும்போது லெட்டன்கொய்ப்பர் என்ற கீழ்க் கொய்ப்பர் அடுக்கில் ஆயிரக்கணக்கான எலும்புகள் வந்தன. சாலை வேலை காத்திருக்காது, அதனால் அவசரத் தோண்டல். ஸ்டுட்கார்ட் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம்.

நாயகன் மாஸ்டோடோன்சாரஸ், நீர்நில வாழ்வன. தலை மட்டும் ஒரு மீட்டருக்கும் மேல். கீழ்த்தாடையில் இரண்டு கோரைப் பற்கள், வாயை மூடினால் எங்கே போகும்? மண்டையோட்டின் முன்பக்கத்தில் அதற்காகவே இரண்டு ஓட்டை, அது வழியாக மேலே எட்டிப் பார்க்கும். அருங்காட்சியகத்தில் முதலில் மூக்குத் துவாரம் என்றுதான் நினைத்தேன். கூடவே கிடைத்த வேட்டைக்காரனுக்கு பத்ராகோடோமஸ் என்று 1999இல் பெயர் வைத்தார்கள், ‘தவளையை அறுப்பவன்’. யாரை யார் சாப்பிட்டார்கள் என்பது பெயரிலேயே வந்துவிட்டது.

பக்கத்தில் ஃபெல்பெர்க் குவாரியில் இதைவிட முக்கியமான சின்ன உயிர். பாப்போகெலிஸ், 2015இல் விவரித்தார்கள், சுமார் 24 கோடி ஆண்டு. ஆமையின் தாத்தா. ஓடு இன்னும் வரவில்லை, விலா எலும்புகள் அகலமாகி, வயிற்றுப் பக்கம் எலும்புக் கட்டைகள் ஒட்டத் தொடங்கியிருக்கின்றன. கொய்ப்பரின் மேலடுக்குகளில் ப்ரோகனோகெலிஸ், முழு ஓட்டோடு. இரண்டும் ஒரே மாநிலத்தில்.

படுகைப்பித்தன் · புதன் இரவு 8:20

கொய்ப்பரின் உச்சிக்கு வந்துவிட்டீர்கள், ப்ளேட்டியோசாரஸ் என்ற டைனோசரைச் சொல்லாமல் விட முடியாது. 1834இல் ந்யூரன்பெர்க் பக்கம் எலும்பு கிடைத்தது, 1837இல் ஹெர்மன் ஃபான் மேயர் பெயர் வைத்தார். டைனோசர் என்ற சொல்லே 1842இல்தான் வருகிறது. பிறகு ட்ரோஸிங்கனிலும் சுவிட்சர்லாந்தின் ஃப்ரிக் களிமண் குழியிலும் கும்பல் கும்பலாகக் கிடைத்தன. கூட்டமாகப் போனபோது வெள்ளத்தில் செத்தவை என்று நான் படித்த காலத்தில் சொல்வார்கள்.

தாழை · புதன் இரவு 9:00

அந்த விளக்கம் இப்போது நிற்பதில்லை ஐயா. பல எலும்புக்கூடுகளில் பின்னங்கால் நிமிர்ந்து சேற்றுக்குள் நிற்கிறது, மேல் உடம்பு கலைந்திருக்கிறது. வெள்ளம் அடித்து வந்திருந்தால் கால்கள் நிற்குமா? ஒவ்வொன்றாக வந்து சேற்றில் மாட்டியவை என்பது 1992இல் ஸாண்டர் வைத்த வாதம். எடை கூடியவை சிக்கின, குட்டிகள் தப்பின. குட்டி எலும்பு அங்கே மிகக் குறைவு என்பதற்கும் இது பொருந்துகிறது. ஃப்ரிக்கில் பிற்பாடு ஒரு குட்டியும் கிடைத்தது, ‘ஃபாபியன்’ என்று செல்லப் பெயர்.

எலும்பை நறுக்கினால் மர வளையம் மாதிரி வளர்ச்சிக் கோடு தெரியும். அதை எண்ணிப் பார்த்ததில், முழு வளர்ச்சி அடைந்த ஒன்று 5 மீட்டருக்கும் குறைவு, இன்னொன்று 10 மீட்டர். ஒரே இனம்! நம் வயலில் ஒரே விதை ஒரு பக்கம் கருகி ஒரு பக்கம் தழைப்பது போல, தீனியைப் பொறுத்து வளர்ந்திருக்கிறது.

படுகைப்பித்தன் · வியாழன் காலை 5:55

வெள்ளத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பதிலுக்கு என் தொழிலிலிருந்து ஒன்று.

நான் ஓய்வு பெறும் வரை துளைக் கிணறுகளில் பாறை மாதிரி பார்க்கும் வேலை. ஆழத்திலிருந்து வரும் பாறை உருளையை நெடுக்காக அறுத்துப் பெட்டியில் அடுக்கி, ஈரத்துணியால் துடைத்துப் பார்ப்போம். நனைந்தால்தான் நிறமும் கோடும் தெரியும். வட கடலில் நார்வேயின் ஸ்னோரே எண்ணெய் வயலில் அப்படி ஒரு உருளையில் வித்தியாசமான பழுப்புத் துண்டு. கடல் தரைக்கு 2256 மீட்டர் கீழே. செடி என்று நினைத்து வைத்திருந்தார்கள். நறுக்கி நுண்ணோக்கியில் பார்த்தபோது எலும்பு. ப்ளேட்டியோசாரஸ் என்று 2006இல் அறிவித்தார்கள், நார்வேயின் முதல் டைனோசர் அதுதான். உருளையின் விட்டம் ஒரு சாண்கூட இருக்காது. அத்தனை பெரிய கடலடியில் அந்த ஒரு சாணுக்குள் எலும்பு வந்து அகப்பட்டது. நான் முப்பது வருஷத்தில் எத்தனை பழுப்புத் துண்டைத் துடைத்துவிட்டுப் போயிருப்பேனோ.

சும்மாவாசகன் · வியாழன் காலை 9:30

அரியலூரில் இதெல்லாம் தேடினால் கிடைக்குமா?

தாழை · வியாழன் காலை 11:00

கிடைக்காது. அரியலூர் கிரீத்தேசியஸ், இதற்குப் பத்துக் கோடி ஆண்டுக்கு மேல் பிந்தியது. இந்திய ட்ரையாசிக் நிலவாழ் விலங்குகள் வேண்டுமென்றால் தெலங்கானாவில் ப்ராணஹிதா கோதாவரிப் படுகையின் மலேரி அடுக்கு. அங்கே கிடைத்த, முதலை போல் நீள மூக்குள்ள பாராசூக்கஸுக்கு 1885இல் பெயர் வைத்தார்கள். அதே பேரினத்தைச் சேர்ந்தவை பவேரியாவின் கொய்ப்பரிலும் போலந்தின் க்ராசியேயூஃப் குழியிலும் உண்டு. அப்போது எல்லாம் ஒரே கண்டம், ஆற்றோரமாக நடந்தே போயிருக்கலாம். செராட்டைட்டுக்கு இல்லாத வசதி இதற்கு இருந்தது.

நெக்கர்க்கரை · ஞாயிறு மாலை 6:40

மறுபடி போய்விட்டு வந்தேன், இந்த முறை அருங்காட்சியகத்துக்குள்ளும். மொட்டோடு முழுசான கடல் அல்லி பார்த்தேன். திரும்பும்போது அதே சுவரில், காலணாக் கல்லுக்கு இரண்டு வரிசை மேலே, ஆட்டுக் கொம்பு மாதிரி ஒரு சுருள். ஓரத்தில் முடிச்சு முடிச்சாக. பக்கவாட்டில் ஒரு நெளிகோடு: ஒரு பக்கம் வளைவு வளைவாக வழவழப்பு, மறுபக்கம் ரம்பப் பல். எடுக்கவில்லை, சுவர் சரிந்துவிடும், தோட்டக்காரர் வேறு பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு யூரோ நாணயத்தைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். இது செராட்டைட்தானா? எந்த அடுக்கு?

தாழை · ஞாயிறு இரவு 7:20

செராட்டைட்தான், முஷெல்கால்க் கல்லில் அந்த நெளிகோடு வேறு யாருக்கும் வராது. அறைச்சுவர் ஓட்டைத் தொட்ட இடம் அது. ஓடு கரைந்துபோய் உள்ளே நிரம்பிய சேறு கல்லானதால்தான் உங்கள் கண்ணில் படுகிறது. முடிச்சுகளைப் பார்த்தால் செராட்டைட்டில் ஸ்பைனோசஸ் என்ற இனமாக இருக்கலாம், நோடோசஸ் என்ற இனமாகவும் இருக்கலாம். அடுக்கைச் சொல்ல முடியாது. சுவர்க் கல் எந்தக் குவாரியில் எந்த உயரத்தில் வெட்டியது என்று தெரியாதே. இரண்டு வரிசை மேலே இருப்பது கட்டியவர் வைத்த வரிசை, கடல் வைத்தது இல்லை.

படுகைப்பித்தன் · ஞாயிறு இரவு 7:45

ஸ்பைனோசஸ். முள் கூராக இருக்கிறது.

தாழை · ஞாயிறு இரவு 7:50

நிழலை வைத்துச் சொல்கிறீர்கள் ஐயா. பக்கவாட்டிலிருந்து இன்னொரு படம் வரட்டும்.

சுண்ணாம்புக்காளவாய் · ஞாயிறு இரவு 8:10

நாணயம் வைத்தாரே, அதுவே எனக்குப் போதும்.